இண்டக்ஷன் அடுப்பு வாங்கலாமா? வேலூர் வீடுகளுக்கு ஒரு சோதனை வழிகாட்டி

வேலூரில் இண்டக்ஷன் அடுப்பைத் தேடி வருபவர்களில் மூன்று வகையினரை அடிக்கடி பார்க்கிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வந்து, சுற்றியுள்ள விடுதிகளில் வாரக்கணக்கில் தங்கித் தாங்களே சமைத்துக்கொள்ளும் குடும்பங்கள் ஒரு வகை. காட்பாடிப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர்கள் இன்னொரு வகை. எரிவாயு அடுப்பு இருந்தாலும், சிலிண்டர் தீர்ந்துபோகும் நாளுக்காகவும், கத்திரி வெயிலில் சமையலறைச் சூட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதற்காகவும் இரண்டாவது அடுப்பு ஒன்று வேண்டும் என்று நினைக்கும் உள்ளூர் வீடுகள் மூன்றாவது வகை. இவர்கள் அனைவரும் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை வாட்?" என்பதுதான்.

அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டால் போதும் என்பது என் கருத்து. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 2000 வாட் என்ற எண், அடுப்பு அதிகபட்சம் எவ்வளவு சூடு தரும் என்பதை மட்டுமே சொல்கிறது. உங்கள் சுவரில் உள்ள பிளக் அதைத் தாங்குமா, உங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அதில் வேலை செய்யுமா, பால் பொங்காமல் காய்வதற்கும் குழம்பு அடிப்பிடிக்காமல் வற்றுவதற்கும் தேவையான சிறு சூட்டை அது ஒழுங்காகத் தருமா என்பவற்றை அந்த எண் சொல்லாது. அவற்றை நீங்களேதான் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கான வழியைப் படிப்படியாக இங்கே தருகிறேன்.

முதலில் அது வேலை செய்யும் விதம்

கண்ணாடித் தட்டுக்கு அடியில் வட்டமாகச் சுற்றிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அடுப்பின் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று அதை வினாடிக்கு 20,000 சுழற்சிக்கும் மேற்பட்ட மின்னோட்டமாக மாற்றிச் சுருளுக்குள் செலுத்துகிறது. இதனால் உண்டாகும் மாறும் காந்தப்புலம், மேலே வைத்த இரும்புத்தன்மையுள்ள பாத்திரத்தின் அடிப்பாகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி, பாத்திரத்தையே சூடாக்குகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை. சூடு பாத்திரத்திலேயே பிறக்கிறது. கண்ணாடி சூடாவது பாத்திரத்திலிருந்து இறங்கும் வெப்பத்தால்தான். ஆகவே இந்த முறையில் பாத்திரம் என்பது பாதி அடுப்பு. எந்தச் சோதனையிலும் இதை மறந்துவிடக் கூடாது.

முதல் படி: சுவரைப் பாருங்கள்

2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். மின்விசிறியும் கைப்பேசி சார்ஜரும் மாட்டுகிற சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கு உரியது. அது இதற்குப் போதாது. தடித்த மூன்று முனை கொண்ட, மக்கள் 'பவர் பிளக்' என்று சொல்கிற 16 ஆம்பியர் சாக்கெட்தான் வேண்டும். அந்தச் சாக்கெட்டுக்கு வரும் கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக இருக்கிறதா, எர்த் இணைப்பு உண்மையாகவே வேலை செய்கிறதா என்பதை ஒரு மின்பணியாளரை அழைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில், சாக்கெட்டை மட்டும் பெரியதாக மாற்றிவிட்டு உள்ளே பழைய மெல்லிய கம்பியையே விட்டுவைத்திருப்பதுண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது.

சத்துவாச்சாரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சமையல் மேடைக்கு அருகில் பவர் பிளக் இல்லாததால் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் மூலம் அடுப்பை இணைத்திருந்தேன். மூன்றாவது வாரத்தில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பாக்ஸின் ஒரு துளை உருகி, பிளக் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அடுப்பின் மேல் எந்தக் குறையும் இல்லை. தவறு முழுவதும் என்னுடையது. ஆகவே இந்த அடுப்பை ஜங்ஷன் பாக்ஸிலோ நீட்டிப்புக் கம்பியிலோ ஒருபோதும் மாட்டாதீர்கள் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். விடுதி அறையில் தங்கியிருப்பவர்கள், அறையில் சமைக்க அனுமதி உண்டா என்பதோடு, எந்தச் சாக்கெட்டில் மாட்டலாம் என்பதையும் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பவர் பிளக் இல்லாத அறையென்றால், குறைந்த வாட் அடுப்பு வாங்கிச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். 1200 வாட்டுக்கே 5.2 ஆம்பியர் தேவை. 6 ஆம்பியர் சாக்கெட்டில் அது மணிக்கணக்காக ஓடினால் பிளக்கும் கம்பியும் சூடேறத்தான் செய்யும்.

மின்னழுத்தத்தையும் கவனியுங்கள். வீட்டு இணைப்பில் 230 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 6 விழுக்காடு, அதாவது சுமார் 216 முதல் 244 வோல்ட் வரை மாறுபடலாம் என்பது விதி. பம்புசெட்டுகள் அதிகம் ஓடும் கிராமங்களில் இது இன்னும் கீழே இறங்குவதுண்டு. அளவுக்கு மீறி இறங்கினால் அடுப்பு ஒலி எழுப்பிப் பிழைக் குறியீட்டைக் காட்டி நின்றுவிடும். மாலையில் உங்கள் வீட்டு விளக்கு மங்குகிறது என்றால், அடுப்பு எவ்வளவு குறைந்த மின்னழுத்தம் வரை வேலை செய்யும் என்பதைக் கையேட்டில் பார்த்த பிறகே வாங்குங்கள்.

இரண்டாம் படி: காந்தத்தோடு சமையலறையைச் சுற்றி வாருங்கள்

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்கும் காந்தம் ஒன்று போதும். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் அதை வைத்துப் பாருங்கள். இறுக்கமாக ஒட்டினால் அந்தப் பாத்திரம் உதவும், நழுவினால் உதவாது, மெதுவாக ஒட்டினால் வேலை செய்யும், ஆனால் அடுப்பின் முழு ஆற்றலை வாங்காது. அலுமினியக் குண்டான், பித்தளைத் தவலை, வெண்கலப் பானை, மண்சட்டி, கல்சட்டி ஆகியவை எல்லாம் வெளியே நின்றுவிடும். எவர்சில்வர் என்றாலே இதில் வேலை செய்யும் என்று நினைப்பது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. நல்ல தரமான எவர்சில்வரில் பல காந்தத்தை ஈர்ப்பதில்லை. அடியில் செம்பு பூசியவையும் சரிவருவதில்லை. பழைய அலுமினியக் குக்கரும் அப்படியே. 'இண்டக்ஷன் பேஸ்' என்று குறிப்பிட்ட குக்கர்தான் வேண்டும்.

காந்தம் ஒட்டினாலும் அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். ஒரு அளவுகோலை அடியில் குறுக்காக வைத்து, நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். அடியின் விட்டம் 12 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பல அடுப்புகள் பாத்திரம் இருப்பதையே உணராது. தாளிப்புக் கரண்டி வேலைக்காகாது என்பதை இங்கேயே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக எத்தனை பாத்திரம் வாங்க வேண்டியிருக்கும் என்று எண்ணி, அந்தத் தொகையையும் அடுப்பின் விலையோடு சேர்த்துப் பாருங்கள். லாங் பஜாருக்குப் பாத்திரம் வாங்கப் போகும்போது அந்தக் காந்தத்தையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

மூன்றாம் படி: கரண்ட் பில்லோடு கணக்குப் போடுங்கள்

14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் அடங்கியிருக்கிறது. வீட்டு எரிவாயு அடுப்புக்கான இந்தியத் தரநிலை கேட்கும் குறைந்தபட்ச வெப்பத்திறன் 68 விழுக்காடு. வீட்டில் தீ பாத்திரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் எரியும்போது அது இன்னும் குறையும். 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் உணவுக்குப் போய்ச் சேர்வது 108 யூனிட் அளவு. இண்டக்ஷன் அடுப்பு மின்சாரத்தில் 85 விழுக்காட்டை ஒட்டிப் பாத்திரத்துக்குத் தருகிறது. எனவே ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் செய்ய அதற்கு 127 யூனிட் வேண்டியிருக்கும். வீட்டுக்கு வீடு இது 120 முதல் 145 வரை மாறலாம்.

இந்த 127 யூனிட் எந்தப் படிநிலையில் போய் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2024 நிலவரப்படி வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதன் பிறகு பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். 2024 ஜூலையில் அறிவித்த கட்டணப்படி 401 முதல் 500 வரையிலான யூனிட் ஒன்றுக்கு 6 ரூபாய் 45 காசு. 501 முதல் 600 வரை 8 ரூபாய் 55 காசு. அந்த 127 யூனிட்டும் முதல் விலையில் வந்தால் 819 ரூபாய், இரண்டாவது விலையில் வந்தால் 1086 ரூபாய். உங்கள் கடைசிச் சிலிண்டர் ரசீதில் உள்ள தொகையை இவற்றோடு ஒப்பிடுங்கள். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட்டுக்குள் செலவிடும் சிறு குடும்பத்துக்கு இந்த அடுப்பு இலாபமாக அமைய நல்ல வாய்ப்பு உண்டு. கோடையில் குளிரூட்டி ஓடி, பில் ஏற்கெனவே 500ஐத் தொடும் வீட்டில் எல்லாச் சமையலையும் இதற்கு மாற்றுவது இழப்பாகவே முடியும். அங்கே காலை நேரத்துப் பாலுக்கும் வெந்நீருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். விடுதியில் தனி மீட்டர் இருந்தால், யூனிட்டுக்கு அவர்கள் என்ன விலை வாங்குகிறார்கள் என்பதைக் கேட்ட பிறகே இந்தக் கணக்கைப் போடுங்கள்.

நான்காம் படி: கடையில்

இங்கே அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. சுருள் செம்பா அலுமினியமா என்று கேளுங்கள், செம்பு நல்லது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தானை அழுத்தினால் சட்டென்று கேட்கிறதா, ஈரக் கையால் தொட்டாலும் கேட்கிறதா என்பதைச் சோதியுங்கள். இட்லி, தோசை, பால் என்று பெயரிட்ட தனித்தனிப் பொத்தான்களுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். அவை முன்பே குறித்துவைத்த வாட்டும் நேரமும்தான், உங்கள் பாத்திரத்தையும் மாவையும் அவை அறியமாட்டா. பழுதானால் வேலூரிலேயே பார்ப்பார்களா, சென்னைக்கு அனுப்புவார்களா என்ற கேள்வி மட்டும் மிக முக்கியம். பொருளைத் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். அடுத்து வரும் சோதனைகளை அந்த நாள்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: வீட்டுச் சோதனைகள்

முதலாவது தண்ணீர்ச் சோதனை. தட்டையான அடியுள்ள, காந்தம் நன்றாக ஒட்டும் பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, முழு வாட்டில் வையுங்கள். 30 டிகிரி அளவில் இருக்கும் நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 2000 வாட்டில் ஆறு நிமிடத்தை ஒட்டிக் கொதிக்க வேண்டும். எட்டு நிமிடத்தைத் தாண்டினால், வேறொரு பாத்திரத்தில் மீண்டும் செய்து பாருங்கள். அதிலும் தாமதமானால் அடுப்பு சொன்ன வாட்டைத் தரவில்லை என்று பொருள்.

அதை உறுதிசெய்ய வீட்டு மின்மீட்டரே போதும். மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிவப்பு விளக்கு மின்னும் என்று எழுதியிருக்கும்; 3200 என்பது பரவலாகக் காணப்படும் எண். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அடுப்பை மட்டும் ஓடவிட்டு, 30 வினாடியில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 3200 மீட்டரில் அந்த எண்ணிக்கையை 37.5 ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். 53 முறை என்றால் ஏறத்தாழ 2000 வாட். கண்ணால் எண்ணுவது கடினமாக இருந்தால் கைப்பேசியில் படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவதும் என் பார்வையில் தலையாயதும் சிறு சூட்டுச் சோதனை. விலை குறைந்த அடுப்புகள் பலவற்றால் ஏறத்தாழ 1000 வாட்டுக்குக் கீழே தொடர்ச்சியாகச் சூடு தர முடியாது. 400 வாட் என்று திரையில் காட்டிக்கொண்டே, சில வினாடி உயர்ந்த வாட்டில் எரிந்து, பிறகு சில வினாடி முற்றிலும் நின்று, சராசரியாக 400 வருமாறு அவை செய்கின்றன. குழம்புக்கு இது தெரியாமல் போகலாம்; பாலுக்கும் பருப்புக்கும் நன்றாகவே தெரியும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆகக் குறைந்த வாட்டுக்கு இறக்கி, குமிழிகளைக் கவனியுங்கள். திடீரென்று பொங்கி, பிறகு முழுவதும் அடங்கி, மீண்டும் பொங்கினால் அடுப்பு விட்டுவிட்டு எரிகிறது. அந்த இடைவெளி இரண்டு, மூன்று வினாடிக்குள் இருந்தால் பழகிக்கொள்ளலாம். பத்து வினாடிக்கு மேல் நீண்டால் பால் ஒரு கணத்தில் வழிந்துவிடும், கடைந்த பருப்பு அடியில் கருகும். மீட்டர் விளக்கும் இதையே காட்டும்: சரமாக மின்னும், பிறகு ஓயும். நான் அடுப்பைத் தேர்ந்தெடுப்பதும் மறுப்பதும் இந்த ஒரு சோதனையின் அடிப்படையில்தான்.

மூன்றாவது மாவுச் சோதனை. தோசைக்கல்லில் கோதுமை மாவை உலர்வாக, மெல்லிய படலமாகப் பரப்பி, 600 வாட்டில் வையுங்கள். மாவு முதலில் எங்கே சிவக்கிறதோ அங்கேதான் சூடு. சுருளின் அளவுக்கு ஒரு வளையம் தெரியும். அந்த வளையத்துக்கு வெளியே கல் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு தூரம் தோசையின் ஓரம் வெளுத்தே இருக்கும். கல்லைக் குறைந்த வாட்டில் நான்கைந்து நிமிடம் முதலில் காயவைத்தால் வேறுபாடு கணிசமாகக் குறைகிறது. ஆனால் எரிவாயு அடுப்பில் வார்க்கும் அகலத்துக்கு இதில் வார்க்க முயல வேண்டாம்.

இவை முடிந்ததும், முழு வாட்டில் இருபது நிமிடம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அதன் உடலைத் தொட்டுப் பாருங்கள். இலேசான வெதுவெதுப்பு இயல்பு. கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டை மாற்றும் வரை அடுப்பைத் தொடாதீர்கள்.

ஆறாம் படி: நம் சமையலை அதில் செய்து பாருங்கள்

வட ஆற்காட்டு வீடுகளில் கேழ்வரகுக் களி இல்லாத வாரம் குறைவு. இந்த அடுப்புக்குக் களிதான் கடினமான தேர்வு. மாவு வேக வேண்டிய சூட்டை அடுப்பு தந்துவிடும். ஆனால் துடுப்பைப் போட்டு உடல் வலுவோடு கிண்டும்போது பாத்திரம் கண்ணாடியின் மேல் வழுக்கும், அழுத்தமும் கண்ணாடியின் மேலேயே இறங்கும். அம்மா கண்டுபிடித்த வழி எளிமையானது: நொய்யும் மாவும் வெந்து முடியும் வரை அடுப்பில் வைத்து, பிறகு பாத்திரத்தை இறக்கித் தரையில் பிரிமணை மேல் வைத்துக் கிண்டிவிட்டு, தேவையானால் ஒரு நிமிடம் மீண்டும் சூடேற்றுவது. அடுப்பின் மேலேயே கிண்டியாக வேண்டும் என்பவர்களுக்கு இந்த அடுப்பை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

முள்ளுக் கத்திரிக்காயை எண்ணெயில் வதக்குவது இதில் அருமையாக வருகிறது, சிறு சூட்டுச் சோதனையில் தேறிய அடுப்பாக இருந்தால். தாளிப்பில்தான் மிகுந்த கவனம் தேவை. மெல்லிய பாத்திரத்தில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு முழு வாட்டில் வைத்தால், கடுகு டப்பாவைத் திறப்பதற்குள் எண்ணெய் புகைந்துவிடும், தீப்பற்றவும் கூடும். 800 வாட்டுக்கு மேல் போகாதீர்கள், பாத்திரத்தை விட்டு நகராதீர்கள்.

ஆம்பூர் முறைப் பிரியாணி விறகடுப்பில், மூடியின் மேல் தணல் போட்டுத் தம் கட்டுவது. இண்டக்ஷன் அடுப்பு கீழிருந்து மட்டுமே சூடு தரும். அரைக் கிலோ அரிசிக்குக் கனமான தட்டையடிப் பாத்திரத்தில் செய்து, அரிசி முக்கால் பதம் வெந்ததும் ஆகக் குறைந்த வாட்டுக்கு இறக்கி, மூடியின் மேல் கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்தால் வீட்டுக்குப் போதுமான தம் கிடைக்கிறது. பண்டிகை நாளின் பெரிய தேக்சாவை இதில் நினைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஓடும் இண்டக்ஷன் அடுப்பிலிருந்து குறைந்தது 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அடி விலகியிருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. சிகிச்சைக்காக வேலூர் வந்து விடுதியில் தங்கியிருக்கும் குடும்பங்கள் இதை மிகவும் கருத்தில் கொள்ள வேண்டும். நோயாளி படுத்திருக்கும் கட்டிலுக்கு அருகில் அடுப்பை வைக்காதீர்கள். அவரே சமைக்க வேண்டிய நிலை இருந்தால் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சமைத்து முடித்ததும் சுவரில் உள்ள சுவிட்சை உடனே அணைக்கும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அடுப்பை அதன் பொத்தானால் அணைத்த பிறகும் உள்ளே உள்ள விசிறி சிறிது நேரம் ஓடி மின்னணுப் பாகங்களைக் குளிர்விக்கும். அது நின்ற பிறகே சுவிட்சை அணைக்க வேண்டும். நம் ஊர் மே மாதத்தில் சமையலறைக் காற்றே 40 டிகிரியை நெருங்கும்போது இந்தக் குளிர்விப்பு இல்லாவிட்டால் அடுப்பின் ஆயுள் குறையும். காற்று உறிஞ்சும் துளை அடியில் இருப்பதால், துணி விரிப்பின் மேலோ செய்தித்தாளின் மேலோ அடுப்பை வைக்காதீர்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள். கரப்பான் பூச்சிகள் அந்தத் துளை வழியாக உள்ளே போய்க் கதகதப்பில் தங்கிவிடுவதுண்டு. இரவில் அடுப்பைத் துடைத்து, உயரமான இடத்தில் எடுத்து வைப்பது அதற்கு நல்ல தடுப்பு. கண்ணாடியில் கடின நீர் விட்டுச்செல்லும் வெள்ளைப் படலத்தை, அடுப்பு ஆறிய பிறகு எலுமிச்சம் பழத் தோலால் தேய்த்துத் துடைத்தால் போய்விடும்.

எரிவாயு இணைப்பை ஒப்படைத்துவிட்டு முழுவதும் இதற்கு மாறுவதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் பகல் முழுவதும் நிற்கும் நாள்கள் உண்டு. வீட்டு இன்வெர்ட்டர்கள் பெரும்பாலானவை 2000 வாட் சுமையைத் தாங்குவதில்லை. இரண்டு மாத பில் ஒன்று வரும் வரை இரண்டு அடுப்புகளையும் வைத்துக்கொண்டு, எந்தச் சமையலை எதில் செய்தீர்கள் என்று நாள்காட்டியிலேயே குறித்து வையுங்கள். பில் வந்ததும், சென்ற ஆண்டின் அதே இரண்டு மாதத்துப் பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசத்தையும், அந்த நாள்களில் மிச்சமான எரிவாயுவையும் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.